நாலு நாள் சுரண்டல், ஒன்றரை நாள் பெயின்ற்

இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் எங்களுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு, போருக்குப் பிறகு இந்திய அரசு தந்த உதவிப்பணத்தில் 2013இல் கட்டினது. தந்த 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் பூச்சு வேலைக்கு வரும்போது கரைந்துவிட்டது, மணலைக் கூட்டிச் சீமெந்தைக் குறைத்துத்தான் உள்சுவரைப் பூசினோம். அதன் பலன், ஒவ்வொரு மாரி முடியவும் முன்னறையில் பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழரும். நானும் அதன் மேலேயே ஒரு கோட் அடிப்பேன், பொங்கலுக்குப் பளிச்சென்று இருக்கும், அடுத்த மாரிக்குப் பழசும் புதுசும் சேர்ந்து விழும்.

இந்தமுறை கிளிநொச்சியிலிருந்து ஒரு பெயின்ற் பாஸை (பெயின்ற் அடிக்கிற மேஸ்திரியை) கூப்பிட்டேன். கடையோ பெயர்ப்பலகையோ இல்லாத ஆள், வாய்வழியாகத்தான் வேலை கிடைக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. நாட்கூலி.

வந்ததும் வாளியைத் திறப்பார் என்று பார்த்தால், சுவரை உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினார், கை முழுக்க வெள்ளை மா. பிறகு மாஸ்கிங் ரேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தார், பெயின்ற் தோலாக உரிந்து வந்தது. "அண்ணை, இதுக்கு மேல எதை அடிச்சாலும் காசுதான் வீண்" என்றார்.

பிறகு சுரண்டல்தான். கழருகிறதை மட்டும் எடுத்தார், இறுக்கமாகப் பிடித்திருந்ததை விட்டுவிட்டு அதன் ஓரத்தைச் சாண்ட்பேப்பரால் சரிவாகத் தேய்த்தார், இல்லாவிட்டால் புதுப் பெயின்றுக்குள்ளும் அந்த விளிம்பு தெரியுமாம். வெடிப்புகளைக் கரண்டி முனையால் இன்னும் அகலமாக்கினார் (எனக்கு வயிறு எரிந்தது), தூசியைத் தட்டி, கொஞ்சம் நனைத்து, ஃபில்லரை (வெடிப்பை அடைக்கிற பசை) மெல்லிசாக இரண்டு தரம் வைத்தார். ஒரேயடியாக அப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். இரவில் ரோச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து மேடு பள்ளம் பார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதன்பிறகு சீலர் (பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு), ஒரு நாள் காயவிட்டு, கடைசியாகத்தான் பெயின்ற். கூலிக்கு நாளை இழுக்கிறார் என்று மூன்றாம் நாள் முணுமுணுத்தேன், ஒரு மாரி கடந்த பிறகு சொல்கிறேன், மேல்சுவரில் ஒரு பொருக்குக்கூட இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஃபானையும் அலுமாரியையும் மூடவே இல்லை, மனைவி ஒரு கிழமை தூசி துடைத்தா. மூக்குக்கு ஒரு துணியாவது கட்டியிருக்கலாம், அதுவும் இல்லை. பெரிய பிழை கீழ் ஒரு அடிதான். அங்கே உப்புப் பூத்திருந்ததை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு (தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும், அதுவரை சரி) சீலர் அடித்துவிட்டார், ஈரம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. மூன்று கிழமையில் கொப்புளம். கூப்பிட்டதும் வந்தார், கூலி வாங்கவில்லை, வெளியே போய்ப் பார்த்தால் நாங்கள் குளிக்கிற தண்ணீர் அந்தச் சுவரடியில்தான் தேங்கி நிற்கிறது. முதல் நாளே சுற்றிப் பார்த்திருக்க வேண்டாமா?

பின்னறைக்கும் அவரைத்தான் சொல்லியிருக்கிறேன், வைகாசி வெயிலுக்குள். அதற்கு முதல் அந்தத் தண்ணீரை வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட வேண்டும்.