பட்டைத் தோலா, குரோம் தோலா? கும்பகோணத்து மழையில் ஒரு ஜோடி செருப்பு

போன ஐப்பசியில் என் குரோம் தோல் (குரோம் உப்பில் பதனிட்டது) செருப்பு கைவிட்டதும், அடுத்ததைப் பட்டைத் தோலில், அதாவது பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில், வாங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டாகிவிட்டது.

விலைக் குறைவு, மென்மை, வண்ணம் எல்லாவற்றிலும் குரோம்தான் முன்னால். குரோம் உப்பில் ஒரு நாளில் தோல் பதமாகிவிடும்; பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கு. 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் குரோம் முறையைக் கொண்டுவரும்வரை இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்த தோலை முதலில் நீர்த்த பட்டைச் சாற்றில் போட்டு, படிப்படியாகக் கெட்டிச் சாற்றுக்கு மாற்றுவார்கள். எடுத்தவுடன் கெட்டிச் சாறு என்றால் மேல்புறம் இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ஆவாரைத் தோல் வெளிச்சம் பட்டுச் சிவக்காமல் இருக்கக் கடைசியில் கடுக்காய்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே எல்லாவற்றையும் முடிவுசெய்வது ஈரம். கார்த்திகையில் நாலு நாள் வெயிலே இல்லை. பட்டைத் தோல் வாரில் வெள்ளையாகப் பூஞ்சணம். துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். நிறம் ஒரு படி கறுத்தது, மற்றபடி பழையபடி ஆகிவிட்டது. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் வார் அப்பளமாக விறைக்கும். அதையும் செய்து பார்த்தவன் நான்.

குரோம் செருப்பில் பூஞ்சணம் அவ்வளவாக வந்ததில்லை. ஆனால் மேல்பூச்சு உரிந்ததும் செய்வதற்கு ஒன்றுமில்லை. தைக்கக் கொடுத்தால், 'ஊசி போட்ட இடமெல்லாம் கிழியுது சார்' என்று செருப்புத் தைப்பவர் திருப்பித் தந்துவிட்டார். பட்டைத் தோல் வாரை அவரே ஒருமுறை பிரித்துத் தைத்துக் கொடுத்தார், முணுமுணுக்காமல்.

ஒரு குறை உண்டு. சைக்கிள் பெடல் துரு ஈரத்தோடு பட்ட இடம் மையாகக் கறுத்துவிட்டது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தானே அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள்! எது பட்டைத் தோல் என்று கண்டுபிடிக்க நல்ல சோதனை. கடைக்காரர் அனுமதிக்க மாட்டார்.

பட்டை என்றால் மாசே இல்லை என்ற பேச்சை மட்டும் நம்பவேண்டாம். பட்டைத் தொட்டியிலிருந்து வரும் செந்நீரும் கழிவுதான், குரோம் அதில் இல்லை, அவ்வளவே.

பை, இடுப்பு வார் பற்றி எனக்கு அனுபவமில்லை. பையனுக்குப் பள்ளி ஷூ குரோமில்தான் வாங்கினேன். அவன் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கப் போவதில்லை.