இரண்டு மழையையும் உப்புக்காற்றையும் தாங்கிய வீட்டுச் சாமான்கள்

குமரி மாவட்டத்தில் ஒரு இரும்புச் சாமான் 30 வருடம் உழைத்திருக்கிறது என்றால் அதைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து முற்றம் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். கடற்கரை ஊர்களில் மழையே இல்லாத மாதத்திலும் துரு பிடிக்கும். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம். நான் எழுதப்போவது திருவட்டார் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டிலும், கடற்கரை ஊரான முட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டிலும் இன்றும் புழக்கத்தில் இருக்கிற பழைய சாமான்களைப் பற்றி. காட்சிக்கு வைத்திருப்பவை எதுவும் இதில் இல்லை. எல்லாம் தினமும் கை படுகிறவை.

முதலில் ரப்பர் மிஷின், அதாவது உறைந்த ரப்பர் பாலை அழுத்தித் தகடாக, சீட்டாக, ஆக்குகிற உருளை மிஷின். எங்கள் வீட்டில் அதிக வேலை பார்த்த சாமான் அதுதான். 1980களில் அப்பா வாங்கிப் போட்டது. வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் திண்டு கட்டி, போல்ட் இறக்கி, இரண்டு மிஷினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒன்று பிளெயின், இன்னொன்று டிசைன். குலசேகரம், அருமனை, களியல் பக்கம் ரப்பர் வைத்திருக்கிற பழைய வீடுகளில் இந்த ஜோடி கட்டாயம் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: விடியுமுன் மரத்தின் பட்டையைக் கீறி வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து வந்து அரித்து, தண்ணீர் கலந்து அலுமினிய டிஷ்ஷில் ஊற்றி, பார்மிக் ஆசிட்டை நீர்த்து விட்டால் மறுநாளைக்குள் கட்டியாக உறைந்துவிடும். அந்தக் கட்டியைக் கையால் அமுக்கிப் பரத்தி, பிளெயின் மிஷினில் இடைவெளியைக் குறைத்துக் குறைத்துப் பல தடவை விட வேண்டும். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்த பிறகு டிசைன் மிஷினில் ஒரு தடவை. அந்த வரிகள் அழகுக்காகப் போடுவதல்ல. வரி விழுந்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், சீட் சீக்கிரம் காயும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாலும் ஒட்டாது.

இந்த மிஷினைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதில் மறைவாக எதுவுமே கிடையாது. இரண்டு வார்ப்பிரும்பு உருளை, பக்கத்துக்கு ஒரு சட்டம், பல்சக்கரம், கைப்பிடி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்க மேலே இரண்டு திருகு. எது எதைச் சுற்றுகிறது என்று ஒரு சின்னப் பிள்ளைகூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தேய்வது என்று பார்த்தால், உருளையின் தண்டு உட்கார்ந்து சுற்றுகிற பித்தளை புஷ்தான். அது ஒரு பக்கம் தேய்ந்தால் இடைவெளி கோணலாகிவிடும். சீட் ஒரு ஓரம் கனமாகவும் மறு ஓரம் மெல்லிசாகவும் வரும். கனத்த ஓரம் உள்ளே காயாமல் வெள்ளையாக நிற்கும். கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், அந்த வெள்ளையைக் கண்டால் கிரேடைக் குறைத்துவிடுவார். ஆக ஒரு சின்ன பித்தளை வளையம் தேய்வது நேராக நம் கைக்காசில் வந்து முட்டும்.

புஷ் தேய்ந்தபோதெல்லாம் லேத்தில் கொடுத்துப் புதிதாகக் கடைந்து போட்டிருக்கிறோம். அந்த லேத்துக்காரர் எங்கள் அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இப்போது வயதாகிவிட்டது. பழைய மிஷினைக் கொடுத்துவிட்டு மோட்டார் வைத்தது வாங்கலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்னது: “என்னத்துக்கு மக்ளே? தேயுறதுக்குன்னுதான் உள்ள பித்தளைய வச்சிருக்கான். பித்தள தேஞ்சா இரும்பு தேயாது, கேட்டியா? புஷ்ஷ மாத்து, மிஷின மாத்தாத.” தேய வேண்டிய இடத்தை முதலிலேயே தீர்மானித்து, அங்கே மென்மையான உலோகத்தை வைத்து, அதை மட்டும் கழற்றி மாற்றும்படி செய்த அந்த யோசனைக்காரனை நான் பல தடவை நினைத்துக்கொள்வேன். ஒரு சாமான் நம் வீட்டில் நிலைக்குமா என்று பார்க்க இதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தெரியவில்லை: இதில் எது முதலில் தேயும், அதைத் தனியாக மாற்ற முடியுமா, மாற்ற இந்த ஊரில் ஆள் உண்டா?

பராமரிப்பு ஒன்றும் பெரிய காரியமில்லை. சீட் அடித்து முடித்ததும் மிஷினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கட்டியைப் பிழியும்போது வடிகிற தண்ணீரில் ஆசிட் உண்டு, அது இரும்பையும் தின்னும், கீழே சிமெண்டையும் அரிக்கும். பல்சக்கரத்துக்குக் கிரீஸ், தண்டுக்கு எண்ணெய். மழைக்கு மேலே ஒரு கூரை. எங்கள் அம்மா மிஷினைக் கழுவாமல் யாரையும் சாப்பிட உட்கார விடமாட்டாள்.

இப்போது பலரும் சீட் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆள் கிடைப்பதில்லை, பாலாகவோ, சிரட்டையிலேயே உறைந்த ஒட்டுப்பாலாகவோ கொடுத்துவிடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற மிஷின்களைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இன்னும் இரண்டு தலைமுறை ஓட வேண்டியதை உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள்.

அடுத்தது அம்மாவின் உஷா தையல் மிஷின். கல்கத்தா ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தயாரிப்பு, கறுப்பு உடம்பு, மிதி வைத்த இரும்பு ஸ்டாண்ட். பள்ளிக்கூட யூனிபாரம் தைத்தே எங்களைப் படிக்க வைத்தாள். இந்த மிஷின் நீடித்ததற்கு உறுதியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிங்கர் கம்பெனி எப்போதோ கொண்டுவந்த பழைய அமைப்பைத்தான் இந்தியாவில் வீட்டு மிஷின் செய்த பல கம்பெனிகளும் பின்பற்றின. அதனால் ஊசி, பாபின், பாபின் கேஸ் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கே கேட்டாலும் கிடைக்கும். எந்தக் கம்பெனி என்றுகூடக் கடைக்காரர் கேட்பதில்லை. சாதாரணப் பருத்தித் துணிக்கு 16ஆம் நம்பர் ஊசி, மெல்லிசு துணிக்கு 11, 14. அவ்வளவுதான்.

தொல்லை தருவது தோல் பெல்ட். மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தொய்ந்துவிடும், மிதித்தால் சக்கரம் வழுக்கும். துண்டு வெட்டிக் குறைத்துக் கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டினால் சரியாகும். மேல்பலகை ஒருமுறை நனைந்து அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. ஆசாரி பலாப்பலகையில் அதே அளவுக்கு வெட்டிப் போட்டுக் கொடுத்தார். வந்தபோது மஞ்சளாக இருந்த பலகை இப்போது நல்ல செம்பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

எண்ணெய் விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் பலரும் கை நீட்டி அதையே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் வழுவழுவென்று ஓடும், நாளானால் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகும். அப்படி இறுகிய மிஷின் கெட்டுப்போனது என்று நினைத்துப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாகச் சக்கரத்தைத் திருப்பி, அழுக்கைத் துடைத்துவிட்டு மிஷின் ஆயில் போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

அக்கா வீட்டு மிஷினும் அதே வயதுதான். ஆனால் முட்டத்தில் அது படுகிற பாடு வேறு. இரண்டு நாள் தைக்காமல் விட்டால் ஊசித்தட்டில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். அவள் எப்போதும் எண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே பருத்தித் துணியைப் போர்த்தி, கடல் பக்கத்து ஜன்னலுக்கு எட்டாத மூலையில் வைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் போர்த்தினால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும் என்பது அவள் அனுபவம். ஒரே மாவட்டத்துக்குள் மலையோர வீட்டுக்கும் கடலோர வீட்டுக்கும் இவ்வளவு வித்தியாசம். சாமான் வாங்கும்போது இதை யோசிக்காதவர்கள் நிறைய. கடற்கரைக்காரர்கள் இரும்பைவிடப் பித்தளை, வெண்கலம், மரம் என்று போவது நல்லது.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது இந்தப் பழைய சாமான்களின் அருமை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கரண்ட் போஸ்ட் ஒடிந்து ரோட்டில் கிடந்தது, பல நாள் கரண்ட் இல்லை. மோட்டாரை மட்டும் நம்பி, கிணற்றின் கப்பியைக் கழற்றிப் போட்டிருந்த வீடுகளில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க இல்லை. எங்கள் கிணற்றில் பாட்டா (தாத்தா) காலத்து இரும்புக் கப்பி அப்படியே இருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாம் குடத்தோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு மைனி மசாலா அரைக்க எங்கள் அம்மிக்கு வந்தாள். அம்மா பகல் வெளிச்சத்தில் மிஷினை மிதித்து, கிறிஸ்துமஸுக்கு ஒப்புக்கொண்ட துணிகளைத் தைத்து முடித்தாள். அந்த வாரத்துக்குப் பிறகு கப்பியை எடுத்துவிடலாம் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. வருடம் ஒருமுறை அச்சுக்குக் கிரீஸ் தடவுவோம், கயிறு இற்றால் மாற்றுவோம், வேறு ஒரு செலவும் இல்லை.

அம்மியைப் பற்றி ஒரு வார்த்தை. வழவழப்பாகிவிட்டால் கொத்த வேண்டும், கொத்துகிற ஆட்கள் தெருவில் வருவது இப்போது குறைந்துவிட்டது. வந்தால் விடாதீர்கள்.

பிரஷர் குக்கர் சமாச்சாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுடையது ஹாக்கின்ஸ், என் கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் இருந்தது. கேஸ்கட்டும் சேப்டி வால்வும் மாற்றிக்கொண்டே இருந்தால் பாத்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். கழுவிய பிறகு கேஸ்கட்டை மூடியில் மாட்டி வைக்காமல் தனியாக ஆணியில் தொங்கவிடுங்கள், கூடுதல் நாள் வரும். வால்வு மட்டும் அந்தக் கம்பெனி வால்வாகவே இருக்கட்டும், இரண்டு ரூபாய் குறைவு என்று வேறு எதையும் போடக் கூடாது. அலுமினியக் குக்கரில் புளி போட்ட குழம்பை வைத்திருக்கவும் கூடாது, உள்ளே குழி குழியாக அரித்துவிடும். மீன்குழம்பும் தீயலும் மண்சட்டியில்தான்.

அப்பாவின் ஹெச்எம்டி ஜனதா வாட்ச் இப்போது என் கையில். காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடும். பெங்களூரில் 1961இல் வாட்ச் செய்யத் தொடங்கிய அந்த அரசுக் கம்பெனியின் வாட்ச் பிரிவை மூடும் முடிவு 2016இல் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இனி இதற்குப் பாகம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். ஓடாத ஜனதாக்கள் நிறையக் கிடந்தன. ஒன்றின் ஸ்பிரிங் இன்னொன்றுக்குப் போகும். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்து ஊரெல்லாம் கட்டியிருந்த வாட்ச் என்பதால் கம்பெனி போன பிறகும் அதற்குப் பாகம் இருக்கிறது.

குடைக்கு இந்த ஊரில் ஓய்வே கிடையாது. மடக்குக் குடை எதுவும் எங்களிடம் இரண்டு மழையைத் தாண்டியதில்லை. வளைந்த கைப்பிடி வைத்த நீளக் குடைக்குத் துணி மாற்றலாம், கம்பி மாற்றலாம். அம்மாவின் குடையில் பழையது என்று இப்போது இருப்பது கம்பும் கைப்பிடியும்தான், ஆனாலும் அது அதே குடைதான் என்பேன்.

மரச்சாமான்களில் அயனி என்கிற காட்டுப்பலாவும் பலாவும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணை நின்று பாருங்கள். இந்த மழையூரில் பலா எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எங்கள் வீட்டு அயனிக் கட்டிலுக்கு அவ்வளவு வயதில்லை, பாட்டா செய்வித்தது. கால்களை ஈரத்தரையில் நேராக நிறுத்தாமல் அடியில் கல் வைத்திருப்பதைத் தவிர அதற்கு நாங்கள் எதுவும் செய்ததில்லை.

நிலைக்காமல் போனதையும் சொன்னால்தான் நியாயம். சில வருடம் முன்பு வாங்கிய ஒரு மிக்சியில் ஜாடியின் அடிப்பாகம் ஒட்டி மூடப்பட்டிருந்தது, திறக்க ஒரு ஸ்குரு இல்லை. உள்ளே புஷ் போயிருக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிகிறது, மாற்ற வழியில்லை. புது ஜாடி வாங்கச் சொன்னார்கள், அந்த மாடல் நின்றுவிட்டதாம். மோட்டார் இன்றும் நன்றாக ஓடும், ஆனால் மிக்சி மூலையில் கிடக்கிறது. ரப்பர் மிஷினில் தேய்ந்ததும் புஷ்தான், இதில் தேய்ந்ததும் புஷ்தான். பிறகு வாங்கிய மிக்சியை நான் கடையிலேயே கவிழ்த்துப் பார்த்து, ஸ்குரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். கடைப் பையன் விநோதமாகப் பார்த்தான். பார்க்கட்டும்.

பழைய ரப்பர் மிஷின் வாங்க நினைப்பவர்களுக்கு: மேல் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போகும். புஷ் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பக்கச் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் நன்றாகத் தேடிப் பாருங்கள், வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட வைக்க முடியாது. பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தாலும் யோசிக்க வேண்டும். வேலை பார்க்க ஏற்ற காலம் மாசி, பங்குனி. இலையுதிர்ந்து பால் குறைந்து வெட்டு நிற்கிற நேரம், மிஷினைக் கழற்றி லேத்தில் கொடுத்தாலும் சீட் முடங்காது. எங்கள் டிசைன் மிஷினின் வலப்பக்கப் புஷ் மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறது, வருகிற மாசியில் கழற்ற வேண்டும். லேத்துக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மகன் தொழிலைப் பழகிக்கொண்டிருக்கிறான், இந்த முறை அவனே கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.