ஷ்கோட்சியான் குகைச் சுற்றுலா: கல்லைக் கரைத்த ஆற்றைத் தேடி ஒரு நடை

தென்மேற்கு ஸ்லோவேனியாவில் கிராஸ் என்றொரு சுண்ணாம்புக்கல் பீடபூமி இருக்கிறது. நீரில் கரையும் பாறையால் உருவாகும் நிலத்தோற்றத்தை உலகெங்கும் கார்ஸ்ட் என்று அழைக்கிறார்களே, அந்தப் பெயர் இந்தப் பீடபூமியிலிருந்து வந்ததுதான். இங்குள்ள ஷ்கோட்சியான் குகைகள் 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளன. வழிகாட்டியுடன் சுமார் இரண்டு மணி நேரம் இவற்றுக்குள் நடக்கும் சுற்றுலாவில் நான் மிகவும் மதித்தது அதன் பாதை அமைந்திருக்கும் வரிசையைத்தான்.

செயற்கையாகக் குடைந்த ஒரு சுரங்கத்தின் வழியாக முதலில் அமைதிக் குகைக்குள் அழைத்துச் செல்கிறார்கள். இங்கே ஆறு இல்லை. சொட்டும் நீரின் ஓசை மட்டுமே கேட்கிறது. காற்றிலும், அதைவிட மிகுதியாக மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாக மாறும் மழைநீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கும்போது கல்லைக் கரைத்துத் தன்னோடு எடுத்து வருகிறது. குகையின் காற்றைத் தொட்டதும் அந்த வாயு நீரை விட்டுப் பிரிய, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. துளித்துளியாக நடக்கும் இந்த வேலையால் தரையிலிருந்து சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் ‘பேருரு’ என்னும் கற்தூணின் முன்னால் நின்றபோது, காலம் என்ற சொல்லின் எடை எனக்குப் புரிந்தது.

அடுத்து வரும் முழங்கும் குகையில் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. ரேகா ஆறு மேலே நீர் புகாத பாறையின் மீது சாதாரண ஆறாகவே ஓடி வருகிறது. சுண்ணாம்புக்கல்லை அடைந்த பிறகு நிலத்துக்குள் புகுந்து, 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இத்தாலியின் டிமாவோ ஊற்றுகளில்தான் இறுதியாக வெளிப்படுகிறது. குகைக்குள் அது அறுத்து உருவாக்கிய பெரும் பள்ளத்தாக்கை, ஆற்றுப்படுகைக்கு மேல் சுமார் 45 மீட்டர் உயரத்தில் நிற்கும் செர்க்வெனிக் பாலத்தில் கடக்கிறோம். 1965 வெள்ளத்தில் குகைக்குள் நீர் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது என்பதைப் பாலத்தின் நடுவில் நின்று நினைத்துப் பார்த்தால், பாறையைக் கரைப்பதோடு ஆறு நின்றுவிடவில்லை, வெள்ளம் சுமந்து வரும் மணலாலும் கூழாங்கற்களாலும் அதைத் தேய்த்தும் அகலப்படுத்தியிருக்கிறது என்பது தானாகவே விளங்கும். எதிர்ச்சுவரில் குறுகிய பழைய படிகள் தெரிகின்றன. 1884 முதல் ஹாங்கே, மரினிச், முல்லர் ஆகிய குகை ஆய்வாளர்கள் விளக்கொளியில் இந்த ஆற்றைத் தொடர்ந்து சென்ற காலத்தை நினைவூட்டும் அந்தப் படிகளிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

குகையின் பெரும்பகுதியில் படம் எடுக்க அனுமதியில்லை; அதனாலேயே எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள் என்பதால் இந்த விதியை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். உள்ளே வெப்பநிலை சுமார் 12 டிகிரி, வழியில் 500 படிகள் வரை உண்டு, தரை ஈரமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்ல வேண்டும். என்னை அழைத்துச் சென்ற பயண நிறுவனம் இதில் எதையும் முன்கூட்டியே சொல்லாததால், உடன் வந்த மூத்தவர் ஒருவர் பாதி வழியில் மிகவும் சிரமப்பட்டார்.

இதே நாட்டிலுள்ள போஸ்தோய்னா குகைக்குள் ரயிலிலேயே செல்லலாம். சிறு குழந்தைகளுடன் வருபவர்களுக்கு அதுவே வசதி. கார்ஸ்ட் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புபவர்களுக்கு ஷ்கோட்சியானையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இங்கே நடை முடியும் இடமும் ஒரு பாடமாக இருக்கிறது. குகையின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான வெலிகா டோலினா என்ற பெரும் பள்ளத்தின் அடியில் வெளிச்சத்துக்கு வந்து, நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறோம். நேரம் இருப்பவர்கள் அங்கிருந்து உடனே மேலே ஏறிவிடாமல், கோடை மாதங்களில் திறந்திருக்கும் ரேகா ஆற்றோரப் பாதையிலும் நடந்துவிட்டு வரலாம்.