"கிடைத்தால் மட்டும் காசு" என்றார்கள். நாங்களும் கையெழுத்துப் போட்டோம்

என் வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். தமிழ் தெரியும் என்பதற்காகவே, தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை ராணுவத்தில் எடுத்த மாவ்னி திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தானில் குப்பையைக் குழியில் போட்டு எரிக்கும் புகைக்குப் பக்கத்திலேயே பல மாதம் இருந்தார். காது இரைச்சலுக்கு, வி.ஏ. என்ற முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை தரும் 10 சதவீத ஊன மதிப்பீடு முன்பே வந்திருந்தது. அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் மாதாமாதம் இழப்பீடு வரும். அப்புறம்தான் ஆஸ்துமாவும் முழங்கால் வலியும்.

2024 ஜனவரியில் ஒரு கம்பெனி போன் செய்தது. "இழப்பீட்டை ஏற்றித் தருகிறோம், கிடைத்தால் மட்டும் காசு" என்றார்கள். ஒப்பந்தத்தில் கட்டணம் எவ்வளவு தெரியுமா? மாத இழப்பீட்டில் கூடும் தொகையைப் போல ஐந்து மடங்கு. அது உறைக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு மருத்துவர் கடிதம் வேண்டுமாம். அதற்குத் தனியாக 1,200 டாலர். வீடியோவில் பத்து நிமிடம் பேசினார் மருத்துவர், அவ்வளவுதான். அந்தக் கடிதமே தேவையில்லை! 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டப்படி, ஆப்கானிஸ்தானில் இருந்தவருக்குப் பணிக்குப் பின் ஆஸ்துமா கண்டறியப்பட்டால், அது பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது தேதி. விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க 21-0966 என்றொரு படிவம் உண்டு. போனில் சொன்னாலும் போதும். ஓராண்டுக்குள் விண்ணப்பத்தை முடித்துவிட்டால், சொன்ன தேதியிலிருந்தே பணம் கணக்காகும். அவர்கள் அதைப் போடவே இல்லை. ஜூனில்தான் விண்ணப்பம் போனது. அதிலும் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. கையெழுத்து, பொறுப்பு எல்லாம் இவருடையது.

மூன்று பாதிப்புக்குமான 30, 10, 10 சதவீதத்தைக் கூட்டினால் 50 என்று கம்பெனிக்காரர்கள் ஆசை காட்டியிருந்தார்கள். வி.ஏ.வில் கணக்கு அப்படியில்லை. 30 போக மீதி 70இல் 10 சதவீதம், அதுவும் போக மிச்சத்தில் இன்னொரு 10 என்று போய் 43 வரும். அதை 40 ஆக்குவார்கள். மாதம் 171 டாலர் 755 ஆனது. கூடியது 584, பில் 2,920. தேதி போடாமல் விட்ட ஐந்து மாதத்தில் நாங்கள் இழந்ததும் அதே 2,920 தான், பாருங்கள். 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தருவார்கள். அதையும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகுதான் டி.ஏ.வி. என்ற ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில், வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடம் போனோம். ஒரு காசு வாங்கவில்லை. என்னையும் மகளையும் சேர்க்கும் 686 படிவத்தை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். புதிய கோரிக்கையைத் தயாரித்துத் தர யாருமே கட்டணம் வாங்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூட முதல் முடிவு வந்த பிறகுதான் வாங்கலாமாம். ஆனால் மீறுபவருக்குத் தண்டனை என்ற பகுதியை 2006இல் எடுத்துவிட்டார்களாம். அந்த ஓட்டையில்தான் இந்த மாதிரிக் கம்பெனிகளின் பிழைப்பு நடக்கிறது.

யாராவது உதவுகிறேன் என்று வந்தால், வி.ஏ. இணையதளத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வி.ஏ. கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். எங்களிடம் கேட்டார்கள், நாங்களும் கொடுத்தோம், வெட்கமாகத்தான் இருக்கிறது.

வி.ஏ.வின் சட்டப் பிரிவுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். 1,200 டாலர் போனது போனதுதான். 2,920 டாலரை இன்னும் கட்டவில்லை. போன வாரம் நான்காவது நோட்டீஸ் வந்தது. அதையும் புகாரோடு சேர்த்து அனுப்பிவிட்டார் இவர்.