காலக்கோட்டுச் சுவர்ப்படம்: வாங்கலாம், கூடவே ஒரு மாக்கர் பேனாவும்

கிளிநொச்சி, வவுனியாப் புத்தகக் கடைகளில் தொங்குகிற லமினேற் செய்த வரலாற்றுக் காலக்கோடு இது. நீளம் 120 சென்ரிமீற்றர், விலை 900 ரூபா. கி.மு. 600 இல் தொடங்கி நம் காலம் வரை, நூற்றாண்டு ஒன்றுக்கு நாலரைச் சென்ரிமீற்றர். பின்பக்கத்தில் சகம், கலி என்ற பழைய இந்திய ஆண்டுக் கணக்குகள், திருவள்ளுவர் ஆண்டு, புத்த வருடம், முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆகியவற்றை மாற்றும் அட்டவணை. மூலையில் அறுபது தமிழ் வருடங்களுக்கு ஒரு சுழல் அட்டை. அச்சிட்டவர் பெயர் எங்கும் இல்லை. ஆகவே பிழையைச் சொல்லித் திருத்துவிக்க வழியில்லை, வாங்கியவர்தான் திருத்த வேண்டும்.

முதலில் நடுவைப் பாருங்கள். கி.மு.வும் கி.பி.யும் சந்திக்கும் இடத்தில் தடித்த சிவப்புக் கோடு, அதன் கீழே '0'. அப்படி ஒரு வருடம் கிடையாது. கி.மு. 1 முடிந்த மறுநாள் கி.பி. 1. கி.பி. எண்ணிக்கையை 525 இல் அமைத்த டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி ஒன்றிலிருந்து எண்ணினார். பின்னாளில் கி.மு.வை ஒட்டவைத்தவர்களும் இடையில் சுழியம் வைக்கவில்லை. படத்தின் அளவில் ஒரு வருடம் அரை மில்லிமீற்றர்கூட வராது, அடிமட்டம் வைத்தாலும் பிடிபடாது. ஆனால் பிள்ளை அதை நம்பிக் கணக்குப் போட்டால் விடை பிழைக்கும். கி.மு. 50 முதல் கி.பி. 50 வரை 100 வருடம் இல்லை, 99. இரண்டு ஆண்டும் ஒரே பக்கம் என்றால் கழித்தால் போதும். கோட்டைத் தாண்டினால் கூட்டி ஒன்றைக் குறைக்க வேண்டும். வானியலாளர் மட்டும் வசதிக்காகச் சுழியம் வைத்துக்கொள்வார்கள். அவர்களுடைய −43 நம்முடைய கி.மு. 44. போன் செயலி ஏதாவது கழித்தல் குறியோடு ஆண்டு காட்டினால் குறியை எடுத்துவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை நூற்றாண்டுப் பட்டைகளில் இருக்கிறது. கி.பி. பக்கம் சரி. 1801 முதல் 1900 வரை 19ஆம் நூற்றாண்டு, ஆகவே கற்சிலைமடு நினைவுக் கல்லில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் தோற்றதாகப் பொறித்துள்ள 1803 ஒக்டோபர் 31 உம் 19ஆம் நூற்றாண்டுப் பட்டையிலேயே நிற்கிறது. (1800 என்றிருந்தால் 18ஆம் நூற்றாண்டு. பரீட்சையில் வழுக்குகிற இடம் அதுதான்.) கி.மு. பக்கம் வந்ததும் வரைந்தவர் பட்டையின் வலது முனையை வாசித்துப் பெயர் வைத்திருக்கிறார். 300 முதல் 201 வரையுள்ள பட்டைக்கு '2ஆம் நூற்றாண்டு'. 200 முதல் 101 வரை '1ஆம்'. கடைசிப் பட்டைக்குப் பெயரே இல்லை. அதற்கும் எழுதப் போயிருந்தால் '0ஆம் நூற்றாண்டு' வந்து பிழை அவருக்கே தெரிந்திருக்கும். கி.மு.வில் எண் இறங்கிக்கொண்டு வரும், பெரிய எண்தான் பெயர் கொடுக்கும். 300–201 மூன்றாம் நூற்றாண்டு, 200–101 இரண்டாம், 100–1 முதலாம். அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனை வைத்துச் சோதித்துப் பாருங்கள். மரபுக் கணக்கில் கி.மு. 205 முதல் 161 வரை, 44 வருட ஆட்சி. தொடங்கியது மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், முடிந்தது இரண்டாம் நூற்றாண்டில். படத்தின்படி போனால் துட்டகைமுனுவோடு மோதிய காலம் முதலாம் நூற்றாண்டுக்கு நழுவிவிடும்.

பெரியபுளியங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளைச் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. தமிழ் வணிகன் விசாகனைச் சொல்லும் பிராமி எழுத்து வவுனியா மாவட்டத்திலேயே இருப்பதைப் பிள்ளைகள் சுவரில் பார்க்கட்டும். ஆனால் அதைக் 'கி.மு. 200' என்று ஒரு புள்ளியாகக் குத்தியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஆண்டு இல்லை. இப்படியானவற்றின் காலத்தை எழுத்தின் வடிவம் பார்த்துத்தான் கணிக்கிறார்கள், அதனால் நூற்றாண்டுக் கணக்கில்தான் சொல்ல முடியும். புள்ளி வைக்கிற இடமே இல்லை அது, நீளப் பட்டை போட வேண்டும். கரிமக் காலக்கணிப்பு முடிவுகளுக்கும் இதேதான். '2500 ஆண்டுகளுக்கு முன்' என்று ஆய்வறிக்கை சொன்னால் அந்த 'முன்' இன்றிலிருந்து இல்லை, 1950 இலிருந்து. கூடவே வரும் ± எண்ணை, அதாவது எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதை, படம் முழுதாக விழுங்கிவிட்டது.

இலங்கை அரசர்களின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் அரசர் வரிசையில் இன்னொரு சிக்கல், இது அச்சுப்பிழை இல்லை. விசயன் கி.மு. 543, சேனனும் குத்திகனும் 237–215 என்று மரபுக் கணக்கில் போட்டவர்கள் தேவநம்பியதீசனை மட்டும் 247–207 என்று திருத்திய கணக்கில் வைத்திருக்கிறார்கள். மரபுப்படி அவனுக்கு 307–267. அசோகன் முடிசூடியது கி.மு. 268 அளவில், அவனும் தீசனும் சமகாலத்தவர். அதனால்தான் ஆய்வாளர் அறுபது வருடம் கீழே இறக்கினார்கள், விசயனையும் 483க்கு. ஒருவரை இறக்கி மற்றவர்களை அப்படியே விட்டால், தீசன் ஆளும்போதே சேனனும் குத்திகனும் அநுராதபுரத்தில் ஆள்வதாக வருகிறது! எந்தக் கணக்கு என்பதை ஓரத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை பாதி தீரும்.

பின்பக்க அட்டவணையில் நேரே பாவிக்கக்கூடியது திருவள்ளுவர் ஆண்டு மட்டும், 31 கூட்டினால் சரி. சகத்துக்கு 78 கழிக்கிறார்கள், கலிக்கு 3102 கூட்டுகிறார்கள். தனித்தனியே இரண்டும் பிழை இல்லை, சேர்த்து வைத்தால் பிழை. 2025க்குச் சகம் 1947 என்பது முடிந்த ஆண்டு (முழுதாகக் கழிந்தவற்றை மட்டும் எண்ணுவது), கலி 5127 நடப்பு ஆண்டு (ஓடிக்கொண்டிருப்பதையும் சேர்த்து எண்ணுவது). முடிந்த கலி 5126. கலிக்கும் சகத்துக்கும் இடையே 3179தான் இருக்க வேண்டும், படத்தில் 3180 வருகிறது. பழைய சாசனங்களில் முடிந்த ஆண்டு சொல்வது வழக்கம், ஆகவே 3101 என்று திருத்துங்கள். தைமுதல் சித்திரைப் பிறப்பு வரை இரண்டிலும் இன்னும் ஒன்று குறையும்.

புத்த வருடத்துக்கு 543 கூட்டச் சொல்கிறார்கள். இலங்கையில் வெசாக் வரைதான் அது, பிறகு 544. 1956 வெசாக்கில் 2500 கொண்டாடினோம், கூட்டிப் பாருங்கள். முடிந்த வருடம் எண்ணும் தாய்லாந்தில் அதே 2500 அடுத்த வருடம் வந்தது. ஹிஜ்ரி வரிசையை முழுதாக வெட்டிவிடுங்கள். 622 கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஹிஜ்ரி 1447ஐப் போட்டால் 2069 வருகிறது. அது சந்திர ஆண்டு, 354 நாள். 0.97 ஆல் பெருக்கிப் பிறகு 622 கூட்டினால் 2025 சொச்சம் வரும்.

சோழர் பகுதி நன்றாக வந்திருக்கிறது. இராசராசன் 985, இராசேந்திரன் 1012 என்று முடிசூடிய ஆண்டைக் கொடுத்திருக்கிறார்கள். இராசராசன் கல்வெட்டில் யாண்டு (ஆட்சியாண்டு) 29 என்றால் 985உடன் 28 கூட்ட வேண்டும், 29 அல்ல, ஏனென்றால் முடிசூடியதே யாண்டு 1. மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாதோட்டத்தை இராசராசபுரம் என்று அழைத்த காலத்தைத் தேடுகிறவர்களுக்கு இது உதவும். 1012 முதல் 1014 வரை தகப்பனும் மகனும் சேர்ந்தே இருந்ததையும் கோடு மேல் கோடாகக் காட்டியிருக்கிறார்கள்.

சுழல் அட்டை இந்த விலைக்கு நல்ல சரக்கு. பிரபவவை 1987இல் வைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும். சரிபார்க்க ஆண்டிலிருந்து 6ஐக் கழித்து 60ஆல் வகுங்கள், மீதிதான் வரிசை எண். 2025க்கு 39, விசுவாவசு. மீதி வராவிட்டால் அறுபதாவது, அட்சய. சித்திரைக்கு முந்திய திகதிக்கு முந்திய வருடப் பெயர். பழைய ஓலை உறுதியில் 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் சக்கரம் உதவாது. 1747, 1807, 1867 மூன்றும் பிரபவதான், சகம் எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

நடுவில் உள்ள றிவெட் இறுக்கம், முதல் நாள் மெதுவாகச் சுழற்றுங்கள். தகரக் கூரை வீட்டில் மேற்குச் சுவரில் கொழுவினால் வெயிலில் லமினேற் விளிம்பு பிரியும், மாரியில் அதற்குள் ஈரம் ஏறும். வாங்கிய அன்றே நாலு ஓரத்துக்கும் அகலச் செலோடேப் ஒட்டுங்கள். திருத்தங்களுக்கு அழியாத மாக்கர், '0'ஐ மூட வெள்ளை ஸ்ரிக்கர். ரிப்பெக்ஸ் (எழுத்தை மறைக்கும் வெள்ளை மை) பளபளத்த மேற்பரப்பில் நிற்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும்.