911-இல் ஆயில் அளவு: குச்சியா, முள்ளா, திரையா?

போர்ஷே 911-இல் ஆயில் அளவு பார்க்க, வண்டியின் வயதைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு: டிப்ஸ்டிக் (ஆயிலுக்குள் செருகி எடுத்து அளவு பார்க்கும் குச்சி), டேஷ்போர்டில் ஆடும் முள், எலெக்ட்ரானிக் திரை. என் ஓட்டு டிப்ஸ்டிக்குக்குத்தான். ஆனால் அதையும் நேரம் பார்த்து உருவ வேண்டும்.

1998 வரை வந்த ஏர்-கூல்டு (காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட) 911-கள் எல்லாம் ட்ரை சம்ப் வகை. ஆயிலில் பெரும்பகுதி எஞ்சினுக்கு அடியில் நிற்காது, தனி டேங்கில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றுவிட்டால் டேங்கில் உள்ள ஆயில் மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். சாதாரண கார் ஓட்டிப் பழகியவர் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது குச்சியை உருவினால் நுனிகூட நனைந்திருக்காது. பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றிவிடுவார். எஞ்சின் சூடானதும் மிஞ்சிய ஆயில் ப்ரீதர் (ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் போகும், பின்னால் நீலப் புகை கிளம்பும். நல்ல எஞ்சினுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் வருவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

சரியான முறை இதுதான். நன்றாக ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விடுங்கள். குச்சியை உருவி, வேஸ்ட் துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் போதும், மேல் கோட்டைத் தொட வேண்டியதில்லை.

அதே வண்டிகளின் டேஷ்போர்டில் உள்ள ஆயில் லெவல் முள்ளுக்கும் இதே நிபந்தனைதான்: சூடு, சமதளம், ஐடில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆயில் எஞ்சினுக்குள் போகும், முள் விழும். ஓட்டத்தில் அது காட்டுவதை வைத்து ஆயில் ஊற்றக் கூடாது.

ஏர்-கூல்டுக்கு அடுத்து வந்த 911 தலைமுறையான 996-இல் டிப்ஸ்டிக்கும் உண்டு, திரையும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் நான் குச்சியை நம்புவேன். அதற்கும் அடுத்த 997-இல் குச்சியே போய்விட்டது, திரை மட்டும்தான். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 997-இன் சாதாரண மாடல்களில், முதலில் வந்தவற்றில் எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்து, இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். 2009 மாடலில் புது எஞ்சின் வந்தபின் சூடான எஞ்சின் ஐடிலில் ஓட ஓடப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கார்!

கை அழுக்காகாமல் சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பது திரையின் வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஆயில் கறுத்திருக்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று அது சொல்லாது. குச்சி சொல்லும். திரை மட்டுமே உள்ள வண்டியில் குறைவு என்று காட்டினால், இடம் சமமா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் கால் லிட்டர் ஊற்றி, அப்புறம் மறுபடி அளக்கலாம். கூடுதலாகப் போன ஆயிலை வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை.