கார்ப்பெட்டுக்கு டர்போ ஹெட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடிப்படி முதல் படுக்கையறை வரை தரையோடு ஒட்டிய கார்ப்பெட். மகனுக்கு மூன்று வயது, வீசிங் உண்டு. அதனால் தினமும் வாக்யூம் போடுவேன். அப்படியும் அவன் தரையில் உருண்டு விளையாடிவிட்டு எழுந்தால் முழங்காலில் சாம்பல் நிறத் தூசு அப்பியிருக்கும். எங்கள் மிஷினோடு வந்த ஹெட், அதாவது குழாய் நுனியில் தரையில் தேய்க்கிற பகுதி, சாதாரண தட்டை வகை. அதில் சுற்றுகிற பிரஷ் கிடையாது. ஹெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துப் பக்கத்து ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரரும் தமிழர்தான். குழந்தைக்கு வீசிங் இருப்பதையும், கார்ப்பெட் அடர்த்தியானது என்பதையும் அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். "அக்கா, உங்க மிஷின் 700 வாட்தான். இந்த டர்போ ஹெட்டை மாட்டுங்க, இழுக்குற சக்தி டபுள் ஆயிடும்" என்றார். கடையிலிருந்த மிஷினில் அதை மாட்டி, தூக்கிப் பிடித்து ஓட விட்டார். பிரஷ் விர்ரென்று சுற்றியது. 45 பவுண்டைப் பணமாகக் கொடுத்தேன். "ஹெட் 1" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் ஓட்டினேன். முழங்காலில் தூசு குறையவே இல்லை. அப்புறம் ஒரு நாள் தரையில் படுத்து, ஹெட்டின் மேல்மூடியில் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதிக்குள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னக் காற்றாடி. ஹெட்டை அரை அங்குலம் தூக்கினால் அது விசிலடித்துக்கொண்டு சுற்றுகிறது. கார்ப்பெட்டில் வைத்த உடனே சத்தம் இறங்கி, காற்றாடியும் பிரஷும் நின்றுவிடுகின்றன. அவ்வளவு நாளும் நான் நின்றுபோன பிரஷைத்தான் கார்ப்பெட்டில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வகை ஹெட்டில் மோட்டார் கிடையாது. மிஷின் இழுக்கிற காற்றே காற்றாடியைச் சுழற்றுகிறது, அந்தக் காற்றாடிதான் பிரஷைச் சுழற்றுகிறது. மெல்லிய விரிப்பில், நாய், பூனை முடியோ தலைமுடியோ எடுக்க, இது ஓரளவு உதவும். அடர்ந்த கார்ப்பெட்டில் இழைகள் பிரஷைப் பிடித்துக்கொள்ளும், அதை மீறிச் சுற்றக் காற்றுக்குப் பலம் பத்தாது. போதாக்குறைக்கு எங்கள் குழாய் 35 மில்லிமீட்டர், இந்த ஹெட் 32. நடுவில் அவர் செருகிக் கொடுத்த அடாப்டர் வழியே காற்று உஸ்ஸென்று கசிந்தது. இழுக்கும் சக்தியை இரட்டிப்பாக்க எந்த ஹெட்டாலும் முடியாது. மிஷின் தருகிற காற்றைத்தான் அது பயன்படுத்த முடியும்.

வாட் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். மிஷின் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்பதுதான் அந்த எண். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2014 செப்டம்பரில் 1600 வாட், 2017 செப்டம்பரில் 900 வாட் என்று வீட்டு வாக்யூம்களுக்கு வரம்பு வைத்தார்கள். பிரிட்டனும் அப்போது அதில் இருந்தது. 900 வாட்டுக்குள்ளேயே கார்ப்பெட்டை நன்றாக எடுக்கிற மிஷின்கள் இருக்கின்றன.

சந்தேகம் தீர, ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை ஒரு மூலையில் தூவி விரலால் உள்ளே தேய்த்துவிட்டேன். டர்போ ஹெட்டைப் பத்து முறை இழுத்த பிறகும், இழைகளை விலக்கினால் அடியில் வெள்ளையாக இருந்தது. தோழி வீட்டிலிருந்து பிரஷுக்குத் தனி மோட்டார் உள்ள பழைய மிஷினைக் கொண்டுவந்தேன். மெதுவாக நாலு இழுப்பு, வெள்ளை போய்விட்டது. அதே இடத்தில் மறுபடி ஓட்டினால் டப்பாவில் மண் விழுகிறது, நல்ல பொடி மண். மனசு கலங்கிவிட்டது, அதன்மேல்தான் குழந்தை தினமும் படுத்திருக்கிறான்.

ஒன்பதாம் நாளே கடைக்குத் திரும்பிப் போனேன். "பாக்கெட் பிரிச்சாச்சு அக்கா, ரிட்டர்ன் கிடையாது" என்றார். அதை நம்பி வந்துவிட்டேன். அங்கேதான் எனக்குப் பெரிய நஷ்டம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, இன்ன வேலைக்கு வேண்டும் என்று முன்பே சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவவில்லை என்றால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பாக்கெட் பிரித்தது அதற்குத் தடை இல்லை. இது எனக்குத் தெரிய வந்தபோது 40 நாள் ஆகிவிட்டது. 30 நாள் தாண்டினால் முதலில் ரிப்பேரோ மாற்றுப் பொருளோதான் கேட்க முடியும், அதுவும் சரிவராவிட்டால்தான் பணம்.

வாங்குகிறவர்கள் ஹெட்டைக் கடையில் தூக்கிப் பிடித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கார்ப்பெட் துண்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பிரஷ் சுற்றுகிறதா என்று குனிந்து பாருங்கள். மோட்டார் ஹெட் வேண்டுமானால் மிஷினின் குழாயிலேயே அதற்குக் கரண்ட் போகிற வயர் இருக்க வேண்டும், சாதாரணக் குழாயில் மாட்ட முடியாது. ரசீதில் "அடர்ந்த கார்ப்பெட்டுக்கு" என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே பிரஷ் உள்ள மிஷின் இருந்தால், புது ஹெட்டுக்குப் பணம் போடும் முன் பிரஷில் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுத்து, பிரஷைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றுப் பொருள் கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிலும் பேசப் போகிறேன். கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.